இடப்பக்கத்தை மறுத்த குழந்தை

போன மாதம் சர்மிளா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு கொட்டாஞ்சேனையில் என் பகுதியைப் பொறுப்பெடுத்த மருத்துவ மாது அவள். தாய்மாருக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருக்கிறாள். அதில் ஒருத்தி, பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கச் சரியான வயது எது என்று கேட்டிருக்கிறாள். பொழுதுபடுவதற்குள் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டதாம். ஒரு வயதுக்குப் பிறகு பாலில் ஒன்றுமில்லை என்று ஒரு கட்சி, பள்ளிக்கூடம் போகும்வரை கொடுத்தோம் என்று இன்னொரு கட்சி. இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று நாங்கள் எல்லோரும் படித்த வசனத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அது யாருக்கும் போதவில்லை.

"மிஸ், நீங்க இவ்வளவு காலம் பார்த்தனீங்கள்தானே. ஒரு பதில் சொல்லுங்கோ, அப்பிடியே போட்டுவிடுறன்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். சில தாய்மாரின் முகங்களும் சில குழந்தைகளின் முகங்களும்தான் வந்தன. எழுதித் தருகிறேன், நீளமாக இருந்தால் கோபிக்காதே என்றேன். அப்படி எழுதத் தொடங்கியதுதான் இது.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்து, பிறகு ஹெந்தளைப் பக்கம் வீடு வீடாக நடந்து பழகினேன். சிங்களம் எனக்கு வகுப்பில் வரவில்லை. ஹெந்தளைத் தாய்மாரின் குசினிகளில், அடுப்பங்கரையில்தான் வந்தது. பால் கொடுக்கத் தொடங்குவது எப்படி என்று எங்களுக்கு வாரக்கணக்கில் படிப்பித்தார்கள். நிறுத்துவதைப் பற்றிய பாடம் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. வேலைக்கு வந்தபிறகு பார்த்தால், தாய்மார் அதிகம் கேட்டது இரண்டாவதைத்தான்.

அதைப் பற்றி நான் படித்ததெல்லாம் எங்கள் வைத்திய அதிகாரி டொக்டர் குமுதினியிடம். மெல்லிய, உயரமான சிங்களப் பெண்மணி. தமிழ் நன்றாக விளங்கும், அளந்துதான் பேசுவார். நாங்கள் ஒரு தாயின் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கினால் பேனையை மூடி மேசையில் வைத்துவிடுவார். முழுவதையும் கேட்டு முடித்த பிறகு ஒரே கேள்வி வரும்: "லமயா மொகத கியன்னே?" பிள்ளை என்ன சொல்கிறது என்று அர்த்தம். முதல் தடவை நான் சிரித்துவிட்டேன். நான் சொன்ன பிள்ளைக்கு வயது ஐந்து மாதம். அவர் சிரிக்கவில்லை. பிள்ளை பால் குடிப்பதை நீ உட்கார்ந்து பார்த்தாயா என்பதுதான் அந்தக் கேள்வி. பார்க்கவில்லை என்றால் ஏச மாட்டார். "போய்ப் பார்த்திட்டு வாங்க, நான் இருக்கேன்" என்பார். அவர் இருப்பார் என்பதனால் போய்த்தான் ஆகவேண்டும்.

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதல்ல. தாயைச் சுவரோடு சாய்ந்து வசதியாக இருக்கச் சொல்ல வேண்டும். நாம் பேசக் கூடாது. பேசினால் தாய் நம்மைப் பார்ப்பாள், பிள்ளையும் திரும்பும். பிள்ளை எப்படி வாய் திறக்கிறது, கன்னம் குழிகிறதா, காதடி அசைகிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா, கை முறுக்கியிருக்கிறதா விரிந்திருக்கிறதா எல்லாம் பார்க்க வேண்டும். முக்கியமானது முடிவு. பிள்ளை தானாக விடுகிறதா, தாய் எடுக்கிறாளா, விட்டபிறகு எங்கே பார்க்கிறது. இதையெல்லாம் பார்க்க முழுதாக ஒரு முறை பால் குடித்து முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரப் பழகியபோது எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மாதிரி.

வெள்ளவத்தையில் வேலை செய்த காலத்தில் சுபாஷினி என்றொரு வங்கி உத்தியோகத்தர் இருந்தார். பிரசவ விடுமுறை முடிகிறது, அதற்குள் முற்றாக நிறுத்திவிட வேண்டும் என்றார். மகன் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தான். ஏன் முற்றாக என்று கேட்டேன். வேலை என்றார். பின்னேரமும் காலையும் கொடுக்கலாமே என்றேன். பேசிப் பேசிப் பார்த்ததில் விஷயம் வேலை இல்லை. மகன் போத்தலைத் தொட மாட்டான். தான் வங்கியில் இருக்கும்போது அவன் பசியில் கிடப்பானே என்ற பயம். தன்னை முற்றாக மறந்துவிட்டால் வேறு எதையாவது குடிப்பான் என்று கணக்குப் போட்டிருந்தார். போத்தலை விட்டுவிட்டு, கறந்து வைத்த பாலைச் சின்னக் கிண்ணத்திலிருந்து கரண்டியால் கொடுக்கப் பழக்கினோம். கொடுத்தவர் அவருடைய மாமனார், ஓய்வுபெற்ற கணக்காளர். ஒரு கையில் பேப்பரும் மறுகையில் கரண்டியுமாக அவர் பேரனோடு இருந்த காட்சியைப் பார்த்தவர்கள் சிரிக்காமல் போனதில்லை. ஆனால் பேரன் பகலில் கொஞ்சமாகத்தான் குடித்தான். தாய் வந்தபிறகுதான் உண்மையான சாப்பாடு. ஏதோ பிழையாக நடக்கிறது என்று சுபாஷினி பயந்து வந்தபோது டொக்டர் குமுதினி அட்டையில் பிள்ளையின் எடையைக் குறித்த நிறைக் கோட்டைப் பார்த்தார். அது ஒழுங்காக ஏறியிருந்தது. "உங்க மகன் ஷிஃப்ட் மாத்திட்டான், அவ்வளவுதான்" என்றார்.

டொக்டரும் நானும் கொட்டாஞ்சேனைக்கு மாறி வந்த பிறகு ஜிந்துப்பிட்டியில் இன்னொரு தாய். மகன் பாலர் பாடசாலை போகிறவன். பை முதுகில் இருக்க ஓடிவந்து தாயின் மடியில் ஏறிவிடுவான். தாய் வெட்கத்தில் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மெல்லிய குரலில், இவனை எப்படி நிறுத்துவது என்றார். பச்சை மிளகாய் தேய்த்துப் பார்த்தாராம், துடைத்துவிட்டுக் குடித்தானாம். நான் அவனிடமே கேட்டேன். ஏன் குடிக்கிறாய் என்று யாரும் அதுவரை அவனிடம் கேட்டிருக்கவில்லை. அவன் யோசித்து, "டீச்சர் கத்துறாங்க" என்றான். அந்தப் பாலர் பாடசாலையில் ஒரு ஆசிரியை உரத்துப் பேசுபவர். வீட்டுக்கு வந்ததும் அமைதிக்கு அவனுக்கு அந்த மடி. தாய் அடுத்த வாரமே வேறு வகுப்புக்கு மாற்றினார். பால் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் சர்மிளாவுக்குச் சொல்ல வேண்டியது மெர்லினின் கதை.

மெர்லின் கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் இருந்தாள். கணவன் கிறிஸ்டி துறைமுகத்தில் கொள்கலன்கள் ஏற்றி இறக்கும் பகுதியில் வேலை. கிறிஸ்டியின் அக்கா பிலோமினாவும் அவர்களோடுதான். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய, தையல் வேலை செய்யும் பெண். மெர்லினுக்கு அவர் மச்சாள் மட்டுமல்ல, தாய் இல்லாத வீட்டில் தாய்க்குச் சமம். குழந்தை அனிக்காவுக்கு அப்போது எட்டு மாதம் இருக்கும். கொழுகொழுவென்ற பிள்ளை. சோறும் பருப்பும் கீரையும் பிசைந்து கொடுத்தால் சாப்பிடுவாள், பாலும் குடிப்பாள்.

ஒரு கிளினிக் நாளில் நிறை பார்த்து முடிந்தபிறகும் மெர்லின் போகாமல் நின்றாள். எல்லோரும் போனபிறகு கிட்ட வந்தாள்.

"மிஸ், பாப்பா இடப்பக்கம் வாய் வைக்கிறா இல்ல. கொஞ்ச நாளாவே அப்பிடித்தான். நிப்பாட்டிரலாமா?"

பிலோமினா பக்கத்தில் நின்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பல் வந்துவிட்டது, சோறு சாப்பிடுகிறாள், தன்பாட்டில் குறைக்கிறாள், என்னுடைய நடுவிலானும் இப்படித்தான் விட்டான் என்றார். வலப்பக்கத்துக்குக் கொஞ்சம் கற்றாழைச் சாறு பூசினால் ஒரு கிழமையில் விஷயம் முடிந்துவிடும், மெர்லினும் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் சொன்னார். சாதாரண நாளென்றால் நானும் ஓமென்றிருப்பேன். பிள்ளை தானாக விடுவதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு விஷயம் என்னைக் குடைந்தது. விடுகிற பிள்ளை இரண்டு பக்கத்தையும்தான் விடும். நேரத்தைக் குறைக்கும், விளையாட்டில் மறக்கும், சட்டென்று எழும்பிப் போகும். அனிக்கா வலப்பக்கத்தில் ஆசையாகக் குடித்துக்கொண்டு இடப்பக்கத்தை மட்டும் வேண்டாமென்கிறாள். ஏன்? நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன், அதுவரை எதுவும் பூச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாள் காலை போனேன். மெர்லின் சுவரோடு சாய்ந்து இருந்தாள். முதலில் வலப்பக்கம். அனிக்கா தாயின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் குடித்தாள். விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு இடப்பக்கம் மாற்றினாள். வாய் வைத்தாள். இரண்டு மூன்று இழுப்பு. விட்டுவிட்டாள். தாயின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். தேத்தண்ணியில் யாரோ சீனிக்குப் பதில் வேறு எதையோ போட்டுவிட்டதைப் போன்ற பார்வை. அழவில்லை. மறுபடி வைத்தபோது முகத்தைத் திருப்பினாள்.

ஒரு பக்கத்தை மறுப்பதற்கு வழமையான காரணங்கள் பல உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வாயில் வெண்படலம் இல்லை. மூக்கு அடைக்கவில்லை. மெர்லின் புதுச் சவர்க்காரமோ களிம்போ போடவில்லை. மாதவிடாய் இன்னும் திரும்பி வரவில்லை. காது வலி என்றால், ஒரு பக்கம் சரிந்து படுக்கும்போது வலிக்கும். அந்தப் பக்கம் பால் குடிக்க மாட்டாள். அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வலப்பக்கம் குடித்துக்கொண்டிருக்கும்போது பிள்ளையைத் திருப்பாமல், படுத்தவாக்கிலேயே மெல்ல இடப்பக்கத்துக்கு நகர்த்த வேண்டும். வலிக்காத அதே காதுதான் கீழே இருக்கும். காது காரணமென்றால் இப்போது குடிப்பாள். அனிக்கா குடிக்கவில்லை.

இவ்வளவு நேரமும் தையல் மெஷினோடு இருந்த பிலோமினா எழும்பி வந்தார். எங்களுடைய வேலை அவருக்குப் பிடித்துவிட்டது போலிருந்தது. கறந்து பாருங்க என்றார். இரண்டு கரண்டிகளில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கறந்தோம். நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார். பிறகு மற்றக் கரண்டி.

"இது இனிப்பு. இது உப்புக் கரிக்குது" என்றார்.

மெர்லின் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பால் குடிக்காமல் தேங்கி நின்றாலும் உப்புச் சுவை வரலாம் என்பது எனக்குத் தெரியும். குடிக்காததால் உப்பானதா, உப்பானதால் குடிக்கவில்லையா என்பதுதான் தெரியவில்லை. இடப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். பால் தேங்கிய மார்பு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கட்டியாகத்தான் இருக்கும். நன்றாகக் கறந்து விடச்சொல்லி மறுபடி தொட்டேன். எல்லாம் இளகிவிட்டது. அக்குளுக்குக் கிட்ட ஒரு இடம் மட்டும் இளகவில்லை என்று பட்டது. நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு என் விரல்களுக்குப் படிப்பில்லை. டொக்டரிடம் காட்டுவோம் என்று மட்டும் சொன்னேன்.

டொக்டர் குமுதினி பேனையை மூடி வைத்தார். இந்த முறை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, நானே எல்லாவற்றையும் சொன்னேன், உப்பு உட்பட. மெர்லினைப் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, நீண்ட நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு மெர்லினுக்கு விளங்க வேண்டுமென்று தமிழில் சொன்னார்.

"எனக்கும் தெரியாது. தெரியாததால அனுப்புறேன். ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை பால் நிப்பாட்ட வேண்டாம். நிப்பாட்டினா பிள்ளை ஒண்ணும் சொல்லாது."

அது எத்தனை பெரிய விஷயம் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. கற்றாழை பூசியிருந்தால் அனிக்கா இரண்டு பக்கத்தையும் விட்டிருப்பாள். பால் வற்றியிருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் மறுத்தாள் என்பதை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று கிறிஸ்டி தனியாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். துறைமுகச் சீருடையோடு சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். நான் தண்ணீர் கொடுத்தேன். மகரகம போகச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். அந்த ஊர்ப் பெயரை அப்படிச் சொன்னால் கொழும்பில் எல்லோருக்கும் விளங்கும், அது புற்றுநோய்தான். தண்ணீரைக் குடித்து முடித்தான். கடைசியில், பிள்ளை குடித்த பாலில் ஏதும் போயிருக்குமா என்று கேட்டான். இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்தது. டொக்டர் உள்ளேயிருந்து எழும்பி வந்து அவனுக்குப் பக்கத்தில் அதே வாங்கில் இருந்தார். பால் வழியாக அது பிள்ளைக்குப் போகாது, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார். அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

கட்டி சின்னதுதான், நேரத்தோடு பிடித்துவிட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலில் மருந்து ஏற்றி, பிறகு அறுவைச் சிகிச்சை. மருந்து தொடங்கினால் பால் கொடுக்கக் கூடாது. அதற்கு ஒரு திகதியும் கொடுத்தார்கள். எப்போது பால் மறக்கடிப்பது என்று தாய்மார் என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். திகதியோடு வந்த கேள்வி இது ஒன்றுதான்.

கடைசி நாள் வரை கொடுக்க அவளுக்கு அனுமதி இருந்தது. அவள் கடைசி நாள் வரை கொடுக்க விரும்புவாள் என்றுதான் நான் நினைத்தேன், அதற்கேற்றபடி ஒரு திட்டமும் போட்டுக்கொண்டு போனேன். மெர்லின் கேட்டுவிட்டு, வேண்டாம் மிஸ், அதற்கு ஒரு கிழமைக்கு முதலே முடித்துவிட வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"மருந்து ஏத்தப் போற அன்னைக்கு இவ பாலுக்கு அழுதா நான் போக மாட்டேன் மிஸ். எனக்கு என்னைத் தெரியும். நான் வீட்டுல இருக்கிற நேரமே அழுது முடிக்கட்டும். அப்ப நான் தூக்கலாம்தானே."

என் திட்டத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

அவசரமாக நிறுத்தும்போது தாய்க்கு மார்பு கட்டி வலிக்கும், காய்ச்சல்கூட வரும். அதனால் ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். பிள்ளை அதிகம் கவனிக்காத மத்தியான நேரத்துப் பாலை முதலில் எடுத்தோம். அந்த நேரத்தில் பிலோமினா அனிக்காவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் கப்பல் பார்க்கப் போவார். இரண்டு நாள் விட்டு அடுத்தது. கிண்ணத்தில் பால்மா கரைத்துக் கொடுக்கும் வேலை பிலோமினாவுக்கும் கிறிஸ்டிக்கும். தாய் கையால் கொடுத்தால் பிள்ளைக்குக் குழப்பம். மெர்லினுக்கு வலித்தால், வலி அடங்கும் அளவுக்கு மட்டும் கறக்கலாம், முற்றாகக் கறந்தால் பால் இன்னும் ஊறும். துணியை இறுக்கிக் கட்டக் கூடாது, நனைத்த குளிர்ந்த துணி போதும். பிள்ளையைத் தூக்காமல் இருக்கக் கூடாது. பால் இல்லை, தாய் இருக்கிறாள் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

கடைசிப் பாலை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து கொடுத்தாள். நான் அங்கே இல்லை. பிலோமினா சொல்லித்தான் தெரியும். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் இருந்து கொடுத்தாளாம். கிறிஸ்டியையும் பக்கத்தில் இருக்கச் சொன்னாளாம். அனிக்கா குடித்து முடித்துத் தானாகவே விடும்வரை அசையவில்லையாம். பிறகு சட்டையைப் பூட்டிக்கொண்டு, மச்சாள், இனிக் கிண்ணம்தான் என்றாளாம். அழவில்லை.

நாங்கள் பெரிய அழுகையை எதிர்பார்த்திருந்தோம். அனிக்கா இரண்டு நாள் சிணுங்கினாள், தாயின் சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள், பிறகு கிண்ணத்தைப் பிடித்துக் கடிக்கத் தொடங்கிவிட்டாள். மெர்லின் மருந்துக்குப் போன அன்று அத்தையின் இடுப்பில் இருந்து கை காட்டினாள்.

சிகிச்சை நீண்டது. முடி கொட்டியது, இடப்பக்க மார்பை எடுத்தார்கள், பல மாதம் அவள் படி ஏற முடியாமல் இருந்தாள். ஆனால் எழும்பிவிட்டாள். ஒவ்வொரு வருடமும் பரிசோதனைக்குப் போய், ஒன்றுமில்லை என்ற செய்தியோடு வந்தாள்.

அனிக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. டொக்டர் குமுதினியும் நானும் அதைப் பற்றி எத்தனையோ தேநீர் வேளைகளில் பேசியிருக்கிறோம். ஒரு கூட்டத்தில் அவர் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டும் பார்த்தார். பாலின் சுவை மாறியிருக்கலாம், வரத்துக் குறைந்திருக்கலாம், அப்படிச் சில பிள்ளைகள் மறுப்பதைக் கண்டிருக்கிறார்கள், ஆனால் நோயுள்ள மார்பிலும் சந்தோஷமாகக் குடித்த பிள்ளைகள் உண்டு என்றாராம். மறுக்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களின் தாய்மாருக்கு ஒரு நோயும் இல்லை. இதை நான் தாய்மாருக்கு எப்போதும் சேர்த்துத்தான் சொல்வேன், சர்மிளாவும் சொல்ல வேண்டும். பயப்பட அல்ல, போய்க் காட்டுவதற்காக.

பல வருடங்களுக்குப் பிறகு, வைத்தியர்கள் சரியென்ற பிறகு, மெர்லினுக்கு ஒரு மகன் பிறந்தான். ஒரு பக்கம்தானே இருக்கிறது, போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். போதும் என்பதை அவன் நிறையில் காட்டினான். நான் ஓய்வுபெறும்போது அவன் இன்னும் குடித்துக்கொண்டிருந்தான்.

சர்மிளா கூப்பிட்ட மறுவாரம் வெள்ளவத்தைச் சந்தையில் மெர்லினைக் கண்டேன். மரக்கறிப் பையை நிலத்தில் வைத்துவிட்டு நெடுநேரம் கதைத்தோம். அனிக்கா இப்போது தாயைவிட உயரமாம். மகன் எப்போது நிறுத்தினான் என்று கேட்டேன். நான் நிப்பாட்டல மிஸ் என்றாள். அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆசை குறைந்தது. ஒருநாள் மத்தியானம் பந்தோடு கீழே போனவன் பாலுக்கு வரவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் கூப்பிட்டு மடியில் இருத்திப் பார்த்தாள். அவன் அவளுடைய கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினான்.

"அன்னைக்குத்தான் மிஸ் நான் அழுதேன். ஆஸ்பத்திரியில கூட அப்பிடி அழல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "கடைசியா எப்ப குடிச்சான்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். எனக்கு ஞாபகமே இல்ல."